மலைக்கோட்டைக் குரங்கின் மண்டைக்குள் ஒரு பாதாம்!

குட்டீஸ்! திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தில் தாத்தா, பாட்டி வீடு இருக்கிறதா? முக்கொம்புக்கு ஸ்கூல் டூர் போனதுண்டா? அப்படியானால் இவரை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். உச்சந்தலை முடி வட்டமாகப் பிரிந்து, குல்லாய் கவிழ்த்ததுபோல இருக்கும். முகத்தில் தாத்தா மாதிரி சுருக்கம். உடம்பளவுக்கு நீண்ட வால். இரண்டு கன்னத்துக்குள்ளும் ஒவ்வொரு பை. கிடைத்ததை எல்லாம் அதில் அடக்கிக்கொண்டு ஓடிப்போய், அப்புறம் நிதானமாக மென்று தின்பார்.

நாட்டுக்குரங்குதான்! குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் இவை இயற்கையாக வாழ்கின்றன. வட இந்தியாவுக்குப் போனால் சிவந்த முகமும், குட்டை வாலும் கொண்ட ரீசஸ் குரங்கைப் பார்க்கலாம். நம்ம ஊர்க் குரங்குக்கு அது பெரியப்பா பிள்ளை மாதிரி, நெருங்கிய சொந்தம்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மதில்மேல் ஒரு குரங்கு. கீழே நீங்கள். உங்கள் கையில் வாழைப்பழம். பக்கத்தில் நிற்கும் அண்ணன் கையில் ஒரு குச்சி. குரங்கு முதலில் பழத்தைப் பார்க்கிறது. அப்புறம் குச்சியை. அப்புறம் உங்கள் கண்ணை! பாய்ந்து பிடுங்குவதா, பதுங்கிக்கொள்வதா? கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்துவிடுகிறது. அந்த ஒரு நொடியில் அதன் மண்டைக்குள் என்னதான் நடக்கிறது?

விஞ்ஞானிகள் அதை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே காதால் கேட்டிருக்கிறார்கள்!

பொட்டுக்கு உள்ளே...

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து நேராக உள்ளே போனால், மூளையின் அடியாழத்தில் பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இதற்கு 'அமிக்டலா' என்று பெயர். கிரேக்க மொழியில் பாதாம் என்று அர்த்தம். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூர்டாக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் வைத்த பெயர் இது. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, மதில்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்குக்கும் உண்டு.

ரொம்ப காலம் இது எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. வேறு எதையோ தேடப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் குளூவர் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். அவரிடம் அரோரா என்று ஒரு பெண் ரீசஸ் குரங்கு. பெயர் அழகாக இருந்தாலும் குணம் படுபயங்கரம். கிட்டே போனாலே கடிக்க வரும். மெஸ்கலின் என்ற ரசாயனம் மூளையில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க நினைத்தார் குளூவர். அவருக்காக பூசி என்ற மூளை அறுவை மருத்துவர், 1936 டிசம்பரில் அரோராவுக்கு ஆபரேஷன் செய்து, பொட்டுக்கு உட்பக்கம் இருக்கும் மூளைப் பகுதியை எடுத்தார். மெஸ்கலின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால், சீறிப் பாய்ந்த அரோரா சாதுவாகிவிட்டது!

இருவரும் மேலும் சில குரங்குகளுக்கு இதே ஆபரேஷனைச் செய்து பார்த்தனர். எல்லாமே விசித்திரமாக நடந்துகொண்டன. ஆணி, போல்ட்டு என்று எது கிடைத்தாலும் வாயில் போட்டுப் பார்த்தன. பாம்பைக் கண்டால் அலறி ஓட வேண்டிய குரங்குகள், அதையும் எடுத்துப் பார்க்கப் போயின! கண் நன்றாகத் தெரிந்தது. ஆனால், கண்டது நல்லதா, கெட்டதா என்பது மட்டும் தெரியவில்லை. 1956ல் வைஸ்கிராண்ட்ஸ் என்ற விஞ்ஞானி, அமிக்டலாவை மட்டும் குறிவைத்து ஆராய்ந்தார். பயம் காணாமல் போனதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பது உறுதியானது.

உடனே அதற்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது: 'பயத்தின் மையம்'. இன்றைக்கும் பல புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். அது பாதிக் கதைதான், குட்டீஸ். மீதிக் கதை, ஒட்டுக்கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

டப்... டப்... டப டப டப!

மூளை முழுக்க நியூரான் என்னும் நரம்புச் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது மிகச் சிறிய மின்துடிப்புகளால். தலைமுடியைப் போல மெல்லிய கம்பியை ஒரு நியூரானின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அந்தத் துடிப்பைப் பிடித்துவிடலாம். அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கியில் கொடுத்தால், வாணலியில் சோளம் பொரிவதுபோல 'டப்... டப்...' என்று கேட்கும். அந்த நியூரானுக்கு வேண்டிய விஷயம் கண்ணில் பட்டதும் 'டப டப டப' என்று படபடவெனப் பொரியும்!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் பயன்படுவது ரீசஸ் குரங்குகள்தான். ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்தே ஆயிரக்கணக்கில் பிடித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குக் கப்பலிலும், விமானத்திலும் அனுப்பினார்கள். 1978ல் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மூளைக்கு வலி தெரியாது என்பது உண்மை. ஆனால், மண்டை ஓட்டுக்கும் தோலுக்கும் தெரியுமே! அதனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றும், ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு குழு அனுமதி தர வேண்டும் என்றும் இப்போது விதிகள் உள்ளன. அப்படியும், 'இது சரிதானா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாம் படிக்கப்போகும் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பின்னாலும் கூண்டுக்குள் ஒரு குரங்கு இருந்தது.

நல்லது சொல்லும் செல், கெட்டது சொல்லும் செல்

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேனியல் சால்ஸ்மன் குழுவினர் செய்த பரிசோதனை இது, 2006ல் வெளியானது. டி.வி., திரையில் குரங்குக்குச் சில படங்கள் காட்டப்பட்டன. குரங்கோ, பழமோ அல்ல. அர்த்தமே இல்லாத கோலங்கள். 'அ' என்று ஒரு கோலம் வந்தால், கொஞ்ச நேரத்தில் வாயில் சில சொட்டு நீர் விழும். தாகத்தோடு இருக்கும் குரங்குக்கு அது பரிசு! 'ஆ' என்ற கோலம் வந்தால், முகத்தில் 'புஸ்' என்று காற்று அடிக்கும். குரங்குக்கு அது பிடிக்காது.

சில முறையிலேயே குரங்குக்குப் புரிந்துவிட்டது. 'அ' வந்ததும் நாக்கை நீட்டியது. 'ஆ' வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அமிக்டலா உள்ளே? சில நியூரான்கள் 'அ' வந்தால் படபடவெனப் பொரிந்தன. சில நியூரான்கள் 'ஆ' வந்தால் பொரிந்தன. இரண்டு வகையும் தனித்தனி அறையில் இருக்கவில்லை. பொங்கலில் அரிசியும் பருப்பும் கலந்திருப்பதுபோல அக்கம்பக்கமாகக் கலந்தே இருந்தன. பயத்துக்கு மட்டுமே ஆன இடம் என்றால், நல்லதைக் கண்டு குதிக்கும் செல்லுக்கு அங்கே என்ன வேலை?

அடுத்து விஞ்ஞானிகள் ஒரு குறும்பு செய்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிட்டார்கள்! இனி 'ஆ' வந்தால் நீர், 'அ' வந்தால் காற்று. படம் அதே படம். கண்ணுக்குள் விழும் வெளிச்சம் அதே வெளிச்சம். ஆனால், நியூரான்கள் சட்சட்டென்று கட்சி மாறின. 'அ'வுக்குப் பொரிந்தது இப்போது 'ஆ'வுக்குப் பொரிந்தது. ஏறக்குறைய அதே வேகத்தில் குரங்கின் நாக்கும், கண்ணிமையும் மாறின. ஆக, அந்த நியூரான்கள் கவனிப்பது படத்தின் வடிவத்தை அல்ல. 'இதனால் எனக்கு என்ன வரும்?' என்பதை!

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் பையும் ஒரு கோலம் மாதிரிதான். அதை வாசனை இல்லை, தின்னவும் முடியாது. காட்டில் வளர்ந்த குரங்குக்கு அது வெறும் காகிதம். ஆனால், பை 'சரசர'வென்று சத்தமிட்டதும் உள்ளே இருந்து பழமோ, தேங்காய் மூடியோ வந்ததைப் பத்து முறை பார்த்த குரங்குக்கு? பதினோராவது முறை, உங்கள் பையில் கணக்கு நோட்டு மட்டும் இருந்தாலும் பிடுங்கத்தான் செய்யும்! 'திருட்டுக் குரங்கு' என்று திட்டுகிறோம். பாடம் எடுத்த வாத்தியார் யாரென்று யோசிப்பதே இல்லை.

பார்க்காத சிறுத்தைக்கு ஏன் பயம்?

எல்லாமே கற்றுக்கொண்டுதான் வருமா? இல்லை என்கிறது நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு. நீலகிரி மாவட்டம், முதுமலைக் காட்டில் நாட்டுக்குரங்குகளைக் கொல்லும் முக்கிய எதிரி சிறுத்தை. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் என்ற இரு விஞ்ஞானிகள், அச்சு அசல் சிறுத்தை போலவே பொம்மை செய்தார்கள். ஒன்று மஞ்சளில் புள்ளி போட்டது, மற்றது கருஞ்சிறுத்தை. குரங்குகள் இரை தின்னும் இடத்தில், புதருக்குப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் தலைகாட்ட வைத்தார்கள். புள்ளிச் சிறுத்தையைப் பார்த்ததுதான் தாமதம்... எச்சரிக்கைக் குரல் கொடுத்துக்கொண்டு மரத்தில் பாய்ந்தன குரங்குகள்! கருஞ்சிறுத்தைக்கு அவ்வளவு கலவரம் இல்லை.

இதில் சுவாரசியம் என்ன தெரியுமா? சிறுத்தையையே அறியாத நகரத்துக் குரங்குக் கூட்டம் ஒன்றுக்கும் இதே பொம்மையைக் காட்டினார்கள். அவையும் புள்ளியைக் கண்டதும் அலறி ஓடின! இந்த ஆய்வு 2000ல் வெளியானது. யாரும் அந்தக் குரங்குகளின் மூளையில் கம்பி வைத்துப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து கவனித்ததோடு சரி. ஆனாலும், சில பயங்களைப் பாட்டன், முப்பாட்டன் காலத்துச் சொத்தாக மூளை பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

கண்ணை மட்டும் பார்க்காதீர்கள்!

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தலின் கோத்தர்ட் குழுவினர், குரங்குகளுக்கு சினிமா போட்டுக் காட்டினார்கள். சினிமாவில் நடித்ததும் குரங்குகள்தான்! பார்க்கும் குரங்கின் பார்வை திரையில் எங்கெங்கே போகிறது என்று கருவி குறித்துக்கொண்டே வந்தது. திரையில் தெரியும் குரங்கின் கண்ணில் பார்வை பட்டதும் அமிக்டலாவில் சில நியூரான்கள் துடித்தன. மூக்கையோ, காதையோ பார்த்தால் அப்படித் துடிக்கவில்லை. அதிலும் சில செல்கள், திரைக் குரங்கும் நேருக்கு நேராகத் திரும்பிப் பார்த்தபோது கூடுதலாகத் துடித்தன. கண்ணும் கண்ணும் சந்திப்பதைக் கவனிக்கவே தனியாக ஆள் வைத்திருக்கிறது மூளை! இது 2014ல் வெளியான செய்தி.

ஏன் அவ்வளவு முக்கியம்? குரங்கு பாஷையில் முறைத்துப் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. வாயைத் திறந்துகொண்டு முறைத்தால், 'வர்றியா?' என்று அர்த்தம். பல்லைக் காட்டினால், நாம் நினைப்பதுபோல சிரிப்பு இல்லை. பெரும்பாலும் அது பயம், அல்லது பணிவு. உதட்டை வேகவேகமாக 'பச் பச்' என்று அசைத்தால்தான் நட்பு. நாம் என்ன செய்கிறோம்? கிட்டே போய், கண்ணுக்குள் கண் வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, போட்டோ எடுக்கிறோம்! அது குழம்பிப்போகாமல் என்ன செய்யும்?

அதனால் கோயில் பக்கம் குரங்கைக் கண்டால் தள்ளி நின்று, பார்வையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, ஓடாமல் நடந்து கடந்துவிடுங்கள். மீறிக் கடித்தாலோ, பிராண்டினாலோ வீட்டில் மறைக்காதீர்கள். சோப்பு போட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

அம்மா... ஆனால் அம்மா இல்லை!

மனிதர்களுக்கு இந்தப் பாதாம் எவ்வளவு முக்கியம் என்று காட்டியவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். விளையனூர் எஸ்.ராமச்சந்திரன், 1951ல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர்.

அவரிடம் ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவிழந்து கிடந்து, தேறியவர். பேச்சு, படிப்பு, ஞாபகம் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் பிரச்னை. அம்மாவைப் பார்த்து, 'பார்க்க அம்மா மாதிரியே இருக்கிறார். ஆனால், இவர் என் அம்மா இல்லை. யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்' என்று சாதித்தார்! அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

நமக்கு வேண்டியவர்களின் முகத்தைப் பார்த்தால், உள்ளங்கையில் நம்மை அறியாமலே துளி வியர்வை கூடும். ராமச்சந்திரன் அதைக் கருவி வைத்து அளந்தார். அம்மா படத்தைக் காட்டியபோது அந்த இளைஞருக்கு அந்த மாற்றம் வரவே இல்லை. முகத்தை அடையாளம் காணும் மூளைப் பகுதியிலிருந்து அமிக்டலாவுக்குப் போகும் பாதை விபத்தில் அறுந்துபோயிருக்கலாம் என்று அவர் விளக்கம் தந்தார். 'இது அம்மாவின் முகம்' என்ற தகவல் இருக்கிறது. அதோடு சேர்ந்து வர வேண்டிய பாசம் வரவில்லை. பாசம் வராத அம்மா எப்படி அம்மாவாக இருக்க முடியும் என்று மூளை தப்புக் கணக்குப் போட்டுவிட்டது!

அதே அம்மா பக்கத்து அறையிலிருந்து போனில் பேசினால்? சந்தேகமே இல்லாமல் அம்மாதான்! காதிலிருந்து அமிக்டலாவுக்குப் போகும் பாதை வேறு, அது அறுபடவில்லை. ராமச்சந்திரனும், வில்லியம் ஹெர்ஸ்டீனும் 1997ல் இதைப் பற்றி எழுதினார்கள்.

யார் பெரியவர்?

குரங்குக் கூட்டத்தில் எல்லோரும் சமம் இல்லை. யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று வரிசை உண்டு. சால்ஸ்மன் குழுவினர் 2018ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒரு குரங்குக்கு அதன் சொந்தக் கூட்டத்து முகங்களையே படமாகக் காட்டினார்கள். வரிசையில் மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார் என்பதற்கேற்ப அமிக்டலா நியூரான்களின் துடிப்பு மாறியது. அதைவிட ஆச்சரியம், 'எவ்வளவு நீர் கிடைக்கும்' என்று கணக்குப் போட்ட அதே நியூரான் கூட்டம்தான் 'இவர் எவ்வளவு பெரியவர்' என்ற கணக்கையும் போட்டது!

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிராபன்ஹார்ஸ்ட், ஷுல்ட்ஸ் முதலானோர் 2019ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். இரண்டு குரங்குகளை எதிரெதிரே உட்காரவைத்து, மாறிமாறிப் படங்களைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். எது நல்ல பரிசு தரும் படம் என்பதை, எதிரே இருக்கும் குரங்கு தேர்ந்தெடுப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டது இந்தக் குரங்கு. அதோடு விடவில்லை, 'அவன் அடுத்து எதை எடுக்கப் போகிறான்?' என்பதையும் சில நியூரான்கள் முன்கூட்டியே கணித்தன. செஸ் விளையாடும்போது எதிராளியின் மனசுக்குள் நாம் புகுந்து பார்ப்போமே, அந்த மாதிரி! எனக்கு ரொம்பவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

இந்த வரிசைக் கணக்கைப் பார்க்க நமக்குக் கம்பியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். பெங்களூரு விஞ்ஞானி அனிந்திய சின்கா, நம்முடைய நாட்டுக்குரங்குகளை வெறும் கண்ணால் கவனித்தே 1998ல் ஒன்றைச் சொன்னார். இரண்டு பெண் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றைவிடப் பெரிய மூன்றாவது பெண் குரங்கு அங்கே வரும். உடனே இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவார். பெரும்பாலும், இரண்டில் சிறியவர்தான் எழுந்திருப்பார்! அப்படியானால், வருகிறவர் யார் என்று மட்டுமின்றி, பக்கத்தில் இருப்பவர் தன்னைவிடப் பெரியவரா, சின்னவரா என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

விடுமுறையில் ஸ்ரீரங்கம் போனால் இதை நீங்களே பார்க்கலாம். மொட்டை மாடி வேண்டாம். ஜன்னலுக்கு உள்பக்கமாக, கையில் தின்பண்டம் எதுவும் இல்லாமல், ஒரு நோட்டோடு உட்காருங்கள். காது கிழிந்தவர், வால் நுனி வளைந்தவர், குட்டியைச் சுமப்பவர் என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்ததும் யார் எழுந்து போனார் என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் பொறுமையாக எழுதினால், அந்தக் கூட்டத்தின் 'ரேங்க் கார்டு' உங்கள் கையில்!